நாலாவது ஓடு

தேற்றாத்தீவு
10.08.2025

என் அருமை மருமகளும் வீடியோ உலகின் ஏக சக்கரவர்த்தினியுமாகிய றெபேக்காவுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் கமராவையும் கண்ணூறு படாமல் காக்கட்டும். இங்கே நானும் உன் மாமி இமெல்டாவும் மச்சாள் டினோஷாவும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்குத் தனியாக ஒரு காவியம் எழுத வேண்டும்.

நீ கொழும்புக்குப் போய் இரண்டு கிழமையாகவில்லை, அதற்குள் இந்த மனிதன் தபாற்கந்தோருக்கு நடக்கத் தொடங்கிவிட்டானே என்று சிரிக்காதே. என் போன் இப்போது அரிசிப் பீப்பாவுக்குள் சமாதியில் இருக்கிறது. நான்தான் அடக்கம் செய்தேன். ஒரு நாளைக்கு எழுபதாயிரம் பேர் கூப்பிடுகிறார்கள். சரி, எழுபது பேர். எடுத்து 'ஹலோ' என்றால், "மாமா, தோணி சும்மா இருக்கா? ஒருக்கா இரவல் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். கட்டாரிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். அங்கே மழையே இல்லை, அவனுக்கு எதற்கு என் தோணி?

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சரித்திரம் எழுதப்பட வேண்டும், இல்லாவிட்டால் பிற்காலத்தில் வேறு யாராவது உரிமை கொண்டாடுவார்கள்.

'ஒரு மூட்டை சீமெந்தின் விலைக்கு ஒரு வீடியோ' என்று புளியந்தீவில் போட்டோக் கொப்பிக் கடைக்கு மேலே நீ அறை எடுத்து உட்கார்ந்தாய். மேசன், வெல்டிங்காரன், பைப் வேலைக்காரன் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தாய். நாற்பது வருடம் கூரையில் வாழ்ந்த இந்த மாமனை மட்டும் விடலாமா? "மாமா, முதல்ல ஒழுகுறதக் காட்ட வேணும், பிறகு நீங்க திருத்துறதக் காட்ட வேணும்" என்றாய். நல்ல யோசனை. ஆனால் அது யூலை மாதம். வறண்ட கச்சான் காற்று அடித்த அடியில் வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம் இல்லை. அதைவிட, ஒழுகும் வீட்டைக் காட்ட ஊரில் ஒருவரும் ஒப்பவில்லை. எப்படி ஒப்புவார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். வீடு அவளுக்குத்தான் எழுதப்படும், அவளைக் கட்டுகிறவன் அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பான். 'என்ர மகளின்ட வீடு ஒழுகுது, வந்து பாருங்க' என்று எந்தத் தாய் உலகத்துக்குச் சொல்வாள்?

அப்போதுதான் உன் மாமன் நெஞ்சை நிமிர்த்தி, "என் வீடு இருக்கிறது!" என்றேன். ஒரு சொட்டு ஒழுகாத என் வீடு! நானே மரச் சிலாகை அடித்து, நானே ஓடு போட்ட வீடு. மூன்று ஓட்டைக் கழற்றி வைத்தேன். டினோஷா கூரையின் மறுபக்கம் ஏணியில் நின்று ஓஸ் பைப்பைப் பிடித்தாள். நீ உள்ளே நின்று எடுத்தாய். தண்ணீர் கொட்டியது பார், நோவா பார்த்திருந்தால் இன்னொரு பேழை செய்யப் போயிருப்பார்!

பிறகு என்னைக் கூரையில் ஏற்றி, சட்டைக் கழுத்தில் மைக் குத்திப் பேசச் சொன்னாய். முதல் தடவை வெயில் முகத்தில் விழுகிறது என்று, "மாமா, இன்னொருக்கா, கொஞ்சம் மேல ஏறி நில்லுங்க" என்றாய். ஏறினேன். டக் என்று ஒரு சத்தம். என் முழங்கால்! ஒல்லாந்தர் கோட்டைப் பீரங்கி வெடித்ததென்று அதற்குள் இருக்கும் கச்சேரிக் கந்தோரில் எல்லாரும் மேசைக்குக் கீழே ஒளிந்தார்களாம். நாம் மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட மறந்தது. அந்தச் சிரிப்போடுதான் அந்த வசனம் என் வாயில் வந்தது:

"இந்த வீட்டில மழை பெஞ்சா, வீட்டுக்காரி கட்டில் கால்ல தோணி கட்டி வச்சிருக்கிறா! விடிய எழும்பி, தோணி வலிச்சுத்தான் குசினிக்குப் போறா, தேத்தண்ணி வைக்க!"

மூன்று இலட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்கிறாள் டினோஷா. கல்லடிப் பாலத்தடிப் பாடும் மீன்கள்கூடப் பாட்டை விட்டுவிட்டு என் வசனத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் பார், மூன்று இலட்சம் பேரில் ஒரு பாவியும் ஓடு மாற்றக் கூப்பிடவில்லை.

டினோஷாவின் காரியம்: ஜனவரியில் கலியாணம் என்று இருக்கிறது. மாப்பிள்ளை நிக்சனின் தாய் மொடெஸ்ரா ரீச்சர் போன ஞாயிறு வீடு பார்க்க வருவதாக இருந்தது. கால் நோவென்று வரவில்லை. அவவின் காலும் என் முழங்காலும் பேசி வைத்துக்கொண்டனவோ தெரியாது.

இப்படிக்கு,
கூரைகளின் கவர்னர் ஜெனரல், மழையின் பரம விரோதி,
உன் தாய்மாமன்
செபஸ்தியாம்பிள்ளை


வெள்ளவத்தை
21.08.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். "இந்த மனிசன் நிஜமா இருக்கிறாரா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்று வளர்ந்தவள் நான், எனக்கே சிலவேளை சந்தேகம் என்றேன்.

நான் நல்ல சுகம். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு இல்லை. காலையில் ஒரு வெல்டிங் பட்டறை, மத்தியானம் ஒரு குளியலறை, பின்னேரம் ஒரு அலுமினியக் கதவு. இவர்களிடம் விளம்பரக் கம்பனிக்குக் கொடுக்கக் காசு இல்லை. என்னிடம் ஒரு போனும் ஒரு மைக்கும் ஒரு முக்காலியும்தான் இருக்கின்றன. ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்து முடித்துவிடுவேன். கஷ்டம் என்னவென்றால், வேலையில் புலிகளாக இருக்கிறவர்கள் கமராவைக் கண்டதும் பூனையாகிவிடுகிறார்கள். நேற்று ஒரு பைப் வேலைக்காரர், "நான் நல்லாச் செய்வன்" என்பதையே பதினான்கு தரம் சொன்னார். கடைசியில் அவருடைய வாயை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுத்தேன். முதல் மூன்று செக்கனுக்குள் சேதம் தெரிய வேண்டும் மாமா. சேதத்தைக் காணாவிட்டால் ஆட்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

இங்கே எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அந்தத் தோணி மாமா மாதிரி ஒண்டு எடுத்துத் தாங்க." அந்த ஒரு வீடியோதான் என்னைக் கொழும்புக்குக் கொண்டு வந்தது. ஒரு கட்டடச் சாமான் கம்பனி, 'உண்மையான வேலை' என்ற பெயரில் முப்பது தொழிலாளர்களை எடுக்கும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. புளியந்தீவு அறையில் மின்விசிறி இல்லாமல் இருந்தவளுக்கு இது பெரிய விஷயம். உங்களால்தான் மாமா. இதை நான் மறக்கமாட்டேன்.

போனை அரிசிக்குள் இருந்து எடுங்கள். எழுபது பேரில் ஒருவராவது ஓடு மாற்றக் கூப்பிடுவார். மொடெஸ்ரா ரீச்சருக்கு என் வணக்கம் சொல்லுங்கள். எனக்குக் கணக்குப் படிப்பித்தவ. விடை சரியாக இருந்தாலும் வழியைக் காட்டாவிட்டால் பிழை போடுகிறவ.

மாமிக்கும் டினோஷாவுக்கும் அன்பு.

உங்கள் மருமகள்
றெபேக்கா


தேற்றாத்தீவு
07.09.2025

அன்பு மருமகளுக்கு,

ஆண்டவர் துணை. நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் நலமா?

மொடெஸ்ரா ரீச்சர் வந்தா. கோயிலில் பூசை முடிந்து, நிக்சனோடு ஓட்டோவில் வந்தா. இமெல்டா மூன்று நாளாகச் சுவரைத் துடைத்து வைத்திருந்தாள். ரீச்சர் அந்தச் சுவரைப் பார்க்கவில்லை. கதிரையில் இருந்த நேரம் முதல் முகட்டைத்தான் பார்த்தா. சுவரில் பச்சை நிறம், மாதா படம், அதற்கு மேலே அந்த இடம். வீடியோவில் இருப்பது அப்படியே. 'வீட்டை ஆர் மாமா மட்டுக்கட்டப் போறது?' என்று படம் எடுத்த அன்றைக்கு நீ சொன்னாய். ஒரு கணக்கு ரீச்சர் அடையாளம் கண்டு மட்டுக்கட்டிவிட்டா.

கதிரையை இரண்டு தரம் நகர்த்திவிட்டு மெதுவாகக் கேட்டா: "அண்ணன், குறை நினைக்காதீங்க. தோணி எங்க கட்டியிருக்கிறீங்க?"

நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

"ரீச்சர், அது ஓஸ் பைப்! மூண்டு ஓட்டக் கழட்டி வச்சிட்டு டினோஷாதான் தண்ணி பிடிச்சவள்!"

"கோயில் கூரையில நிண்டா கதிர்காமம் தெரியுது எண்டும் நீங்கதானே சொன்னது?"

"அது பகிடி."

"இது?"

மருமகளே, நாற்பது வருடமாக இந்த வாயால் யானையைப் பானைக்குள் அடைத்திருக்கிறேன். பூனையைக் குதிரையாக்கிக் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் ஓட்டியிருக்கிறேன். அந்த ஒரு 'இது?'வுக்கு மட்டும் பகிடியை மூட்டை கட்டி வைத்தேன். உண்மையைச் சொன்னேன். திரும்பவும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே வந்தது. டினோஷா அழுதுகொண்டே, "ஓம் ரீச்சர், நான்தான் பைப் பிடிச்சனான்" என்றாள். அதற்கு ரீச்சர், "புள்ள, உன்ட அப்பாவுக்காக நீ சொல்லாம வேற ஆர் சொல்லுறது?" என்றா. ஏறிக் காட்டுகிறேன் என்று ஏணியை எடுத்தேன். "இப்ப ஏறினா நீங்க பூசி மெழுகி வச்சிருவீங்க. அது கலியாணம் முடியுமட்டும் தாங்கும். என்ர மகன் வந்து இருக்கப் போற வீடு, அண்ணன்" என்றா.

ஆகவே உன்னிடம் ஒரு வேண்டுகோள். என் வாழ்நாளில் முதல் தடவையாகச் சின்னதாகக் கேட்கிறேன். அந்த வீடியோவை எடுத்துவிடு. இன்னொன்று போடு. நானும் ஓஸ் பைப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். 'இது பொய், இந்த வீடு ஒழுகாது, நாங்கள்தான் தண்ணீர் விட்டோம்' என்று நான் சொல்கிறேன், நீயும் ஒரு சொல் சொல். மூன்று இலட்சம் பேர் பார்க்க வேண்டாம். ஒரு ரீச்சர் பார்த்தால் போதும். என் வாயை அவ நம்பமாட்டா. உன்னை நம்புவா.

டினோஷாவுக்கு வயது இருபத்தெட்டு. நிக்சனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஓஸ் பைப்பைக் கொண்டுபோய் வளவின் கடைசியில் எறிந்துவிட்டாள்.

உன் மாமன்,
கவர்னர் பதவியிலிருந்து தற்காலிகமாக நிறுத்தப்பட்ட
செபஸ்தியாம்பிள்ளை


வெள்ளவத்தை
18.09.2025

அன்புள்ள மாமாவுக்கு,

என் பக்கத்திலிருந்து வீடியோவை எடுத்துவிட்டேன். ஆனால் மற்றவர்கள் எடுத்துப் போட்டிருப்பதை என்னால் எடுக்க முடியாது. நாற்பது ஐம்பது இடத்தில் இருக்கிறது.

மற்றதை என்னால் செய்ய முடியாது மாமா.

கோபப்படாமல் வாசியுங்கள். 'அந்தத் தண்ணீர் பொய்' என்று நான் ஒரு தரம் சொன்னால், நான் எடுத்த அவ்வளவும் பொய்யாகிவிடும். பைப் வேலைக்காரரின் உடைந்த குழாயை நாங்கள்தான் உடைத்தோம் என்பார்கள். வெல்டிங்காரரின் துருப்பிடித்த கேற்றுக்கு நாங்கள்தான் நிறம் அடித்தோம் என்பார்கள். அவர்களெல்லாம் என்னை நம்பி முகத்தைக் காட்டியவர்கள். கம்பனி வைத்திருக்கிற பெயர் 'உண்மையான வேலை'. அடுத்த நாளே என்னை அனுப்பிவிடுவார்கள்.

டினோஷாவுக்கு ஒரு வீடு இருக்கிறது. ஒழுகுகிறது என்று நாலு பேர் சொன்னாலும் அது வீடுதான். எனக்கு இந்தத் தொழில் மட்டும்தான் இருக்கிறது.

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதுகிறேன். அம்மாவின் வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு வாவிப் பக்கம் ஒரு காணி கிடைத்தது. அம்மா செத்த வருடம் நீங்கள் அதில் எனக்கு அத்திவாரம் போட்டீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழு மாடி என்றீர்கள். மேல் மாடியில் ஒரு ஜன்னல், அதில் இருந்தபடியே தூண்டில் போடலாம் என்றீர்கள். நான் நம்பினேன். எந்த ஜன்னல் என்று கொப்பியில் கீறியும் வைத்தேன். ஆறு வரிசைக் கல் எழும்பியது. அடுத்த வருடம் அந்தக் கல்லைக் கழற்றி டினோஷாவின் குசினியைக் கட்டினீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடும் அந்தக் குசினியில்தானே சாப்பிட்டேன்.

உங்கள் பகிடிக்கு எல்லாரும் சிரிக்கிறார்கள் மாமா. பகிடியை நம்பினவர்களை நீங்கள் பார்த்ததில்லை.

டினோஷாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

றெபேக்கா


தேற்றாத்தீவு
29.09.2025

மருமகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் இமெல்டாவுக்குக் கேட்கும்படி வாசித்தேன். அவள், "புள்ள சொல்லுறதில ஒரு பிழையும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள். உன் ஆறு வரிசைக் கல்லுக்கு நடுவில் நின்று அன்றைக்கு அவள் சமைத்ததை நான் சாப்பிட்டேன். 

ஏழு மாடி என்று சொன்னது உண்மைதான். ஒரு மாடிக்கும் கல் இல்லாதவன் ஏழு மாடி என்றுதான் சொல்வான், இரண்டு என்று சொன்னால் நீ எப்போது என்று கேட்டிருப்பாய். 

ஆனால் ஒரு நல்ல செய்தி. நான் புளியந்தீவுக்குப் போய் மொடெஸ்ரா ரீச்சரின் வாசலில் நின்றேன். "ரீச்சர், என்னையும் நம்ப வேணாம், வீடியோவையும் நம்ப வேணாம். மாரி வருது. முதல் மழைக்கு வந்து அந்த இடத்துக்குக் கீழேயே கதிரையப் போட்டு இருங்க. ஒரு சொட்டு விழுந்தாக் கலியாணம் இல்ல" என்றேன். அவ வானத்தை ஒருக்காப் பார்த்தா. பிறகு, "சரி. ஆனா மழை வருமட்டும் நீங்க கூரையில ஏறக் கூடாது. ஏணியே வைக்கக் கூடாது" என்றா. "வைக்கமாட்டன்" என்றேன். நேற்று அவ பூசைக்கு வந்தபோது எங்கள் யூதாததேயு கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி, அவவின் முன்னாலேயே நேர்ந்துகொண்டேன். வெள்ளைச் சேலை உடுத்து வரப்போகிறாவாம், சொட்டு விழுந்தால் தெரிய வேண்டுமாம்.

நாட்டுக்கு ராசா வந்தாலும் நான் இப்படி ஆவலாகக் காத்திருக்கமாட்டேன். நாற்பது வருடம் மழையைத் திட்டித்தான் சோறு தின்றேன். இப்போது விடிந்ததும் வானத்தைப் பார்த்து அதனிடம் கெஞ்சுகிறேன். அந்த மூன்று ஓட்டையும் அன்றைக்கே ஏணியில் நின்றபடி அதனதன் இடத்தில் இறுக்கிவிட்டேன். இருபத்தொரு மாரி ஒழுகாத கூரை இருபத்திரண்டாவதற்கும் ஒழுகாது. கூரை விஷயத்தில் மட்டும் நான் ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை. அதை நீயாவது அறிவாய்.

நீ வர வேண்டும், றெபேக்கா. வந்து அந்த மழையை எடு. உள்ளே மழை பெய்யாத வீட்டை எடு. யாருக்கும் போட வேண்டாம். உன்னிடம் இருந்தால் போதும்.

உன் மாமன்
செபஸ்தியாம்பிள்ளை


வெள்ளவத்தை
09.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

என்னால் வர முடியாது. மாத முடிவுக்குள் முப்பது பேரையும் எடுத்து முடிக்க வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதம் வந்த பிறகு, அன்றைக்கு எடுத்த முழுவதையும் திறந்து பார்த்தேன். வெட்டி எறிந்த துண்டுகளும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் கேட்டதை வேறு ஏதாவது விதமாகச் செய்ய முடியுமா என்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் தடவை நீங்கள் மேலே ஏறி நிற்கும்போது ஒரு சத்தம் கேட்கிறது. அது முழங்கால் இல்லை மாமா. மைக் உங்கள் கழுத்தில் இருந்தது, காதில் போட்டுக் கேட்டால் தெளிவாக இருக்கிறது. கழற்றிய மூன்று ஓட்டுக்கும் மேலே, உங்கள் இடது காலுக்குக் கீழே இருந்த நாலாவது ஓடு. படத்தை நிறுத்திப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு தெரிகிறது. மெல்லிய கோடு. ஏணியில் நின்று பார்த்தால் தெரியாது.

அன்றைக்கே எனக்கு அது ஓட்டுச் சத்தம் போலத்தான் கேட்டது. நீங்கள் பீரங்கி என்றீர்கள், டினோஷா சிரித்தாள், நானும் சிரித்தேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லடியில் ஒரு வெல்டிங்காரர் எனக்காகக் காத்திருந்தார். பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். வீடியோவில் அந்தச் சத்தத்தை வெட்டினதும் நான்தான்.

மழைக்கு முன்னால் அந்த ஓட்டை மாற்றுங்கள். ரீச்சரிடம் சொல்லிவிட்டே ஏறுங்கள். வேண்டுமானால் அவவைக் கீழே நிற்க வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஒரே ஒரு ஓடுதான்.

றெபேக்கா


தேற்றாத்தீவு
26.10.2025

றெபேக்கா,

உன் கடிதம் நேற்று, சனிக்கிழமை, கிடைத்தது.

மழை புதன்கிழமை பெய்தது. ஒரு மணிக்கே வானம் இருண்டது. இமெல்டா உடனே ரீச்சருக்குப் போன் எடுத்தாள். ரீச்சரும் நிக்சனும் ஓட்டோவில் வந்தார்கள். வெள்ளைச் சேலைதான் உடுத்திருந்தா. கதிரையை நானே அந்த இடத்துக்குக் கீழே போட்டேன்.

இரண்டரைக்குப் பலமாகப் பிடித்தது. இருபத்தைந்து நிமிடம் ஒன்றும் விழவில்லை. ரீச்சர் தேத்தண்ணி கேட்டா. டினோஷா கொண்டு வந்து கொடுத்தபோது, "இஞ்ச பக்கத்தில இரு, புள்ள" என்றா. டினோஷா இருந்தாள். நிக்சன் அவளைப் பார்த்துச் சிரித்தான். நான் ஒரு பகிடி சொல்ல வாயைத் திறந்தேன்.

முதல் சொட்டு தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது. ரீச்சர் கோப்பையைப் பார்த்தா. இரண்டாவது அவவின் தோளில் விழுந்தது. நிக்சன் எழும்பி முகட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான், "ரீச்சர், இது..." என்றேன். 

"பரவாயில்ல, அண்ணன். மழை விடட்டும். நாங்க போறம்" என்றா.

மழை விடவில்லை. ஓட்டோவும் வரவில்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் அவர்கள் இங்கேயே இருக்க வேண்டி வந்தது. டினோஷா எழும்பிப் போய் ஒரு வாளியைக் கொண்டு வந்து வைத்தாள்.  வாளியில் விழும் சத்தத்தை ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் போகும்போது வாளி முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

வியாழக்கிழமை ஏறிப் பார்த்தேன். நீ எழுதியிருக்கிறபடி நாலாவது ஓடுதான். நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. மாற்றிவிட்டேன். பத்து நிமிட வேலை. வெள்ளிக்கிழமையும் பெய்தது. ஒழுகவில்லை.

உன் கடிதத்தின் மேலே 09 என்று எழுதியிருக்கிறாய். உறையில் தபால் முத்திரை 20. டினோஷா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் கையில் தந்தாள். அவளுடைய போன் நம்பர் மாறவில்லை. ஈஸ்டருக்கும் கிறிஸ்மஸுக்கும் என்று இல்லாமல், தொட்டதுக்கெல்லாம் நீ அவளைக் கூப்பிடுகிற நம்பர்தான்.

அந்தப் பதினொரு நாளும் கடிதம் உன் மேசையில் இருந்ததா, பையில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. ஆறு வரிசைக் கல்லை நான் கழற்றிய அன்று நீ வேலிக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். நீயும் பதினொரு நாள் பார்த்துக்கொண்டிருந்தாய். இதற்கு மேல் நாம் ஒருவரையொருவர் கேட்க ஒன்றும் இல்லை.

நிக்சனுக்கு வாழைச்சேனையில் வேறு பெண் பார்க்கிறார்களாம். டினோஷா தையல் கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உன்னைப் பற்றிக் கதைப்பதில்லை. கடிதம் எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லச் சொன்னாள்.

உன் காணியில் அத்திவாரம் கிடக்கிறது. புல்லைச் செருக்கி விட்டிருக்கிறேன். யாருக்காவது விற்பதென்றால் காணி உறுதியை அனுப்புகிறேன்.

போனை அரிசிப் பீப்பாவிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போதும் கூப்பிடுகிறார்கள். "மாமா, உங்கட வீடு இன்னும் ஒழுகுதா?" என்று கேட்கிறார்கள்.

ஓம் என்கிறேன். சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

செபஸ்தியாம்பிள்ளை